கொடையாய் வரும் கூரையும் மகமையால் நிற்கும் பேட்டையும்

நாளிதழின் வணிகப் பக்கத்தில் ‘விருதுநகர்ச் சந்தை’ என்றொரு கட்டம் நெடுங்காலமாக வருகிறது. மல்லி, வற்றல், உளுந்து, துவரை, பாசிப்பயறு, கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எனச் சரக்கின் பெயரும், மூட்டைக்கோ டின்னுக்கோ உரிய விலையும் அதில் வரிசையாக நிற்கும். தென்மாவட்ட மளிகைக் கடைக்காரர் பலர் அதைப் பார்த்த பின்னரே தம் கடை விலையை முடிவு செய்வர். விருதுநகருக்கு வற்றாத ஆறு இல்லை. கடலும் அருகில் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையை நம்பிக் கிடக்கும் கரிசல் நாடு அது. இத்தகைய ஊர் பிற ஊர்களுக்கு விலை சொல்லும் ஊராக உயர்ந்ததற்கு, 1876-இல் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்த இருப்புப்பாதை ஒரு காரணம். தம் பேட்டைக்கும் கிட்டங்கிக்கும் பள்ளிக்கும் வேண்டிய பணத்தை அவ்வூர் வணிகர் தாமே திரட்டிக்கொண்ட முறை மற்றொரு காரணம். அம்முறைக்கு மகமை என்று பெயர்.

மகமையைப் பற்றி வரலாற்றாளரும் குமுகாயவியலாளரும் நிறைய எழுதியுள்ளனர். இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார் வரலாற்று நூல் அவற்றுள் முதன்மையானது. கட்டடவியலின் கண்கொண்டு அதனைப் பார்த்தோர் குறைவு. அவ்வாறு பார்ப்பதற்கு, உலகின் மறுகோடியிலுள்ள சந்தை ஒன்றோடு அதை ஒப்பிடுவது பெரிதும் உதவும்.

கரிபியக் கடலின் கிழக்கு விளிம்பில் செயின்ட் லூசியா என்னும் சிறு தீவுநாடு இருக்கிறது. அதன் தலைநகரான காஸ்ட்ரீசில் 1894 முதல் ஒரு பொதுச் சந்தை நடக்கிறது. அதற்குரிய இரும்புச் சட்டங்கள் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து கப்பலில் வந்தவை. வாழை, கிழங்கு, சாதிக்காய், பட்டை, மிளகாய்ச் சாந்து ஆகியன அங்கே விற்கின்றன. அத்தீவின் பெண்கள் திருநாட்களில் உடுத்தும் கட்டம்போட்ட பருத்தித் துணியின் பெயர் ‘மதராஸ்’. பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள் சேர்த்து இடித்த கறித்தூளுக்குக் ‘கொலம்போ’ என்று பெயர். 1853 தொடங்கிக் காரைக்கால், புதுச்சேரி வழியாக ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழரின் அடுப்படி அந்தத் தூளில் இன்றும் மணக்கிறது. விருதுநகரின் சரக்கும் காஸ்ட்ரீசின் சரக்கும் ஒன்றுக்கொன்று அயல் அல்ல.

பணம் வந்த வழிதான் வேறு. காஸ்ட்ரீஸ் சந்தையைப் புதுப்பிக்கும் பணிக்குப் பணவுதவி தந்தது தைவான். சீனக் குடியரசு என்பதே தைவானின் அலுவல்முறைப் பெயர். செயின்ட் லூசியா 1984-இல் அதனோடு உறவு கொண்டது. 1997-இல் அதை விட்டுப் பெய்ஜிங்கோடு, அதாவது மக்கள் சீனத்தோடு, சேர்ந்தது. 2007-இல் மீண்டும் தைவானிடம் வந்தது. அண்டை நாடான தொமினிக்கா 2004-இல் பெய்ஜிங் பக்கம் சாய்ந்தது. 2007-இல் அதன் தலைநகர் உரோசோவில் சீனக் கொடையால் ஒரு விளையாட்டரங்கம் எழுந்தது. கிரனடா 2005-இல் மாறியது. 2004-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அதன் மட்டைப்பந்தரங்கைச் சீனமே மீளக் கட்டித் தந்தது. 2007 பிப்ரவரியில் அது கையளிக்கப்பட்ட விழாவில், சீனத் தூதர் முன்னிலையில், காவல்துறை இசைக்குழு தவறுதலாகத் தைவானின் நாட்டுப்பண்ணை முழக்கிவிட்டது! கொடுப்பவர் அடிக்கடி மாறினால் இசைக்குழுவைக் குறைசொல்லிப் பயனில்லை. இந்தியாவும் இவ்வகையில் விலகி நின்றதில்லை. 2007 மட்டைப்பந்து உலகக் கோப்பைக்காகக் கயானாவில் எழுந்த பிராவிடன்ஸ் விளையாட்டரங்கம் இந்தியக் கொடையாலும் கடனாலும் ஆனது.

மக்கள் சீனத்தின் உதவி மூன்று வடிவில் வருவதாக அந்நாட்டரசு 2011-இல் வெளியிட்ட வெள்ளையறிக்கை கூறுகிறது. அவை கொடை, வட்டியில்லாக் கடன், சலுகைக் கடன். சலுகைக் கடனுக்கு வட்டி நூற்றுக்கு 2 முதல் 3. தவணை 15 முதல் 20 ஆண்டு. கட்டடங்கள் பெரும்பாலும் ‘முழுமைத் திட்டம்’ என்னும் முறையில் எழும்புகின்றன. வரைபடம், பொறியாளர், கருவி, பொருள்களின் ஒரு பகுதி என அனைத்தும் கொடுப்பவர் பக்கத்திலிருந்து வரும். வேலை முடிந்ததும் சாவி கைமாறும். இக்கட்டடம் எத்தனை ஆண்டு நிற்கும் என்று அறிவியல் தன் கேள்வியைத் தொடங்க வேண்டிய நாள் அந்தச் சாவி கைமாறும் நாளே. ஆனால் விழா மேடையில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

கடலோரக் காற்றில் உப்புத் துகள் மிதக்கிறது. அது இரும்பின் மேல் படிகிறது. சமையலுப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும், மழை இல்லாமலே அது காற்றின் நீராவியைப் பற்றிக் கரைந்து நீராகிவிடும். கரிபியத் தீவுகளின் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் இந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. எனவே அங்குள்ள இரும்புத் தூணின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஏறத்தாழ நிலையாக இருக்கும். இரும்பணு மின்னணுக்களை இழந்து அயனியாகிறது. அம்மின்னணுக்களைக் காற்றின் உயிர்வளியும் நீரும் ஏற்கின்றன. முடிவில் துரு பிறக்கிறது. குளோரைடு இவ்வினையைத் தூண்டுகிறது; ஆனால் செலவாவதில்லை. ஓரிடத்தில் வேலை முடித்ததும் விடுபட்டு அடுத்த இடத்தை அரிக்கத் தொடங்குகிறது.

இரும்பைக் கற்காரைக்குள் புதைத்தால் காப்பாகுமே என்று கேட்கலாம். ஆகும், சில காலம். புதிய கற்காரை கடுங்காரத் தன்மை உடையது. அதன் காரகாடிச் சுட்டெண் 12.5-க்கு மேல் இருக்கும். அந்தச் சூழலில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடுப் படலம் உருவாகி அரிப்பைத் தடுக்கிறது. குளோரைடு உள்ளே ஊடுருவிக் கம்பியைத் தொட்டால் அப்படலம் கிழியும். கரியமில வளி ஊடுருவினால் காரம் தணிந்து சுட்டெண் 9-க்கும் கீழே இறங்கும். அப்போதும் படலம் அழியும். துரு, தான் தோன்றிய இரும்பைப் போல் 2 முதல் 6 மடங்கு இடம் அடைக்கும். அவ்வழுத்தத்தில் கற்காரை வெடிக்கிறது. வெடிப்பின் வழியே நீர் புகுகிறது. துரு மேலும் விரைகிறது.

கரியமில வளி ஊடுருவும் ஆழம், கழிந்த காலத்தின் இருமடி மூலத்திற்கு ஏற்ப வளர்கிறது. 4 ஆண்டில் 10 மில்லிமீட்டர் சென்றால் 20 மில்லிமீட்டரை எட்ட 16 ஆண்டாகும். கம்பியின் மேலுள்ள கற்காரைப் பூச்சு 20 மில்லிமீட்டர் மட்டுமே என்றால், திறப்பு விழாவுக்குப் பின் பதினாறு ஆண்டு எவர் கண்ணுக்கும் ஒன்றும் புலப்படாது. அதற்குள் கொடுத்த அரசின் தூதரும் வாங்கிய அரசின் அமைச்சரும் பலமுறை மாறியிருப்பர். பராமரிப்புக்கெனப் பணம் ஒதுக்கச் சொல்லி எவரும் கேட்காத காலமும் சரியாக இதுவே.

இதனைத் தமிழர்க்கு அருகிலும் காணலாம். கொழும்பு புதுக்கடையிலுள்ள மேல் நீதிமன்றங்களின் கட்டடத் தொகுதி சீன உதவியால் எழுந்தது. அது பழுதுற்றபோது புதுப்பிக்கவும் சீனக் கொடையே தேவைப்பட்டது. கொடுத்தவர் மீண்டும் கொடுக்க முன்வந்தது நற்பேறு. ஆனால் பழுதுபார்ப்பும் கொடையாகவே வரவேண்டிய நிலை, அக்கட்டடத்தின் கணக்கேட்டில் எந்தப் பக்கம் எழுதப்படாமல் விடப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது.

விருதுநகர் மண்ணில் சிதைவின் முறை வேறு. இங்கே உப்புக் காற்று இல்லை. கோடைப் பகலில் வெப்பம் 40 பாகையை நெருங்கும், காற்று வறண்டிருக்கும். கட்டடத்தின் பகை தரைக்குக் கீழே இருக்கிறது. கரிசல் மண்ணிலுள்ள மான்ட்மோரிலோனைட்டு என்னும் களிமம், ஏடு ஏடாக அடுக்கிய நுண்ணமைப்பு உடையது. மழைநீர் அவ்வேடுகளுக்கிடையே புகுந்தால் மண் பருத்து மேலெழும். கோடையில் சுருங்கிக் கால் நுழையும் அளவு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தூக்கிய தரையைச் சித்திரை இறக்குகிறது. ஆண்டுதோறும் நிகழும் இந்த ஏற்ற இறக்கத்தில் சுவர் மூலைக்கு மூலை கோணல்மாணலாகக் கீறல் விடும். உரூர்க்கியிலுள்ள நடுவண் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென அடிப்புறம் குமிழாய் அகன்ற தூண் அடிமானத்தை வகுத்துப் பரப்பியது. மண் அசையும் மேலடுக்கைத் தாண்டி, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்தில் அது காலூன்றும். அவ்வறிவு வருமுன் கட்டிய பேட்டைகளும் பள்ளிகளும் ஆண்டுதோறும் கீறல் அடைத்தும் சுண்ணாம்பு பூசியும் காப்பாற்றப்பட வேண்டியவை.

சந்தைக் கட்டடம் தாங்கவேண்டியது தன் எடையை மட்டுமன்று. உள்ளே அடுக்கிய சரக்கின் உடல்நலத்தையும் அது காக்க வேண்டும். மிளகாய் வற்றலை எடுத்துக்கொள்வோம். மண்டியில் மூட்டை இறங்கியதும் வணிகர் குத்தூசியைச் செருகி நான்கைந்து பழங்களை உருவுவார். உருண்டை வற்றலானால் காதருகே குலுக்கிப் பார்ப்பார். விதை உள்ளே கலகலத்தால் காய்ச்சல் சரி. ஓசை இன்றிக் கையில் மெத்தென்று அமுங்கினால் ஈரம் மிகுதி. எடை கூட்ட நீர் தெளித்த மூட்டையும் இத்தேர்வில் அகப்படும். ஆய்வகம் இதையே எண்ணால் சொல்கிறது: வற்றலின் ஈரம் நூற்றுக்கு 10 அல்லது 11 அளவில் இருக்க வேண்டும். அதைத் தாண்டி ஏறினால் ஆஸ்பர்ஜில்லசுப் பூஞ்சை வேர்விடும். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. நறுமணப் பொருளில் அந்நஞ்சு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 மைக்ரோகிராம் மட்டுமே. ஒழுகும் கூரையின் ஓர் ஓட்டை இந்த இரு எண்களுக்கும் இடையிலுள்ள ஏற்றுமதி வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

மூட்டைகளைத் தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அட்டி போடுவதும், சுவருக்கும் அட்டிக்கும் இடையே ஆள் நடக்க வழி விடுவதும் வெறும் பழக்கமல்ல. தரையின் ஈரம் சாக்கில் ஏறாதிருக்கவும் காற்று சுற்றிவரவும் அவை வேண்டும். கூரை உயரத்திலும் கணக்கு உண்டு. வெப்பக் காற்று மேல் திறப்பு வழியே வெளியேறும் வேகம், கீழ் வாயிலுக்கும் மேல் திறப்புக்கும் இடைப்பட்ட உயரத்தின் இருமடி மூலத்திற்கு ஏற்பக் கூடும். உயரத்தை நான்கு மடங்காக்கினால் காற்றோட்டம் இரு மடங்காகும். செலவைச் சுருக்கித் தாழ்வாகப் போடும் தகரக் கூரையில் இந்தக் காற்றும் சுருங்கும். அதன் கீழ் நிற்கும் சுமைதூக்குவோர்க்கு இதைச் சொல்ல எந்தச் சமன்பாடும் வேண்டியதில்லை.

இனி மகமைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே இருந்து மாட்டுவண்டியில் சரக்கேற்றி வந்த நாடார் வணிகர்க்கு வழியெங்கும் கள்வர் அச்சம் இருந்தது. சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். வண்டி, மாடு, மூட்டை, ஆள் எல்லாம் ஒரே மதிலுக்குள் இரவைக் கழித்தன. பேட்டையைக் கட்டவும் காக்கவும் ஒவ்வொரு வணிகரும் தம் வணிகத்தின் அளவுக்கேற்ப ஒரு சிறுதொகையை உறவின்முறை என்னும் தம் சமூக மன்றத்துக்குச் செலுத்தினர். அதுவே மகமை. விருதுப்பட்டி 1923-இல் விருதுநகர் ஆயிற்று. மகமை அப்படியே தொடர்ந்தது. 1889-இல் அங்கே தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடியரிசி எடுத்துவைத்தனர். உலையில் இடுமுன் ஒரு பிடி பானைக்குள் விழும். சேர்ந்த அரிசி பணமாகிப் பள்ளியை நடத்தும். 1903-இல் அவ்வூரில் பிறந்த காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

கட்டடவியலார் கவனிக்க வேண்டியது இங்கே இருக்கிறது. கொடை என்பது ஓர் அளவு. அரிப்பு என்பது ஒரு வீதம்: ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர். மகமையும் பிடியரிசியும் வீதமே: மூட்டைக்கு இவ்வளவு, உலைக்கு இவ்வளவு. காலத்தோடு ஓடும் இழப்பை ஈடுசெய்யக் காலத்தோடு ஓடும் வரவே ஏற்றது. அதோடு, சந்தையில் சரக்கு பெருகினால் தேய்மானம் பெருகும். வண்டி, கால், சுமை, தண்ணீர் எல்லாம் கூடும். மகமையும் சரக்கோடு சேர்ந்து தானே கூடும். தேய்மானமும் வரவும் ஒரே காரணத்தால் ஏறி இறங்கும் இந்த அமைப்பைப் பொறியாளர் எவரும் வரைந்து தரவில்லை; வணிகர் பட்டறிவால் கண்டுகொண்டனர்.

எண்ணால் பார்ப்போம். பொதுக் கட்டடத்தைச் சீராக வைக்க, அதை இன்று மீளக் கட்ட ஆகும் செலவில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கை ஆண்டுதோறும் செலவிட வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1990-இல் பரிந்துரைத்தது. பத்துக் கோடி ரூபாய்ச் சந்தை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 20 முதல் 40 இலட்சம். இருபத்தைந்து ஆண்டில், இன்றைய விலையில், 5 முதல் 10 கோடி. ஆக, பத்துக் கோடிக் கொடையை வாங்குவோர் அதன் பாதிக்கும் முழுமைக்கும் இடைப்பட்ட ஒரு கடமையையும் சேர்த்தே வாங்குகின்றனர். கொடைப் பத்திரத்தில் அது எழுதப்படாதது மட்டுமே வேறுபாடு. அதே சந்தையில் ஆண்டுக்கு 200 கோடி ரூபாய்ச் சரக்கு கைமாறினால், நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் எடுத்தாலே 20 இலட்சம் சேர்ந்துவிடும். பத்துப் பைசாவால் எந்த வணிகரும் நொடித்துப்போவதில்லை.

காலம் தாழ்த்தினால் என்னாகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நெதர்லாந்துப் பொறியாளர் டி சிட்டர் 1984-இல் ஐந்தின் விதி ஒன்றைச் சொன்னார். நல்ல வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் ஒரு ரூபாய் செலவிட்டால் தவிர்த்திருக்கக்கூடிய பழுதை, அரிப்பு தொடங்குமுன் தடுக்க 5 ரூபாய் ஆகும். ஆங்காங்கே வெடித்த பின் சரிசெய்ய 25 ரூபாய். எங்கும் பரவிய பின் 125 ரூபாய். இவ்விதியைத் துல்லியமான அளவாகக் கொள்ளலாகாது. எனினும், கற்காரை உதிரக் கண்ட பின்னரே கோப்பைத் திறக்கும் நம் அலுவலகங்களின் சுவரில் எழுதிவைக்கத் தக்கது.

மகமையைப் புகழ்வோர் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அது ஒரு சமூகத்தின் நிதி. கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899-இல் சிவகாசியில் கொலையும் கொள்ளையும் கண்ட மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கட்டிய அரண் அது. ஊர் முழுமைக்குமான நகராட்சிச் சந்தைக்கு அதை அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. வைப்பது முறையும் அன்று. ஆனால் அதன் கணக்குமுறைக்குச் சாதியில்லை. சென்னை மாகாணத்தின் 1933-ஆம் ஆண்டு வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டமும், பின்னர் 1987-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் சந்தைக் கட்டணத்தை வைத்தன. அரசு கைக்கொண்ட மகமை என்றே அதைக் கூறலாம்.

சீனம் என்றதும் விருதுநகர் மாவட்டத்தார்க்குக் கொடை நினைவுக்கு வராது, போட்டிதான் வரும். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தொழில், இன்று சீன லைட்டரோடு மல்லுக்கட்டுகிறது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதியை நடுவணரசு 2023 சூனில் தடுத்தது. பட்டாசிலும் அப்படியே. கந்தகத்தோடு குளோரேட்டு உப்பைக் கலப்பதை இந்தியா 1992-இல் தடை செய்தது. ஈரத்தில் கந்தகம் சிறிது காடியாக மாறும். அக்காடி குளோரேட்டைத் தாக்கும். தீண்டுவார் இன்றியே கலவை பற்றிக்கொள்ளும். மலிவு கருதி அந்த உப்பு சேர்ந்த சீனப் பட்டாசு கள்ளத்தனமாக உள்ளே வருகிறது என்பது சிவகாசியாரின் நெடுநாள் முறையீடு. ஒரே நாட்டின் ஆலைகள் ஓரிடத்துக்குக் கூரையும் ஓரிடத்துக்குத் தலைவலியும் அனுப்புகின்றன.

மீண்டும் சந்தைக்கு வருவோம். நம் நகராட்சிகளும் சந்தைகளைப் புதுப்பிக்கின்றன. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றின் வழியே மாநில அரசு தரும் பணமும், பெறும் நகராட்சியின் நோக்கில் ஒருமுறைக் கொடையே. கடை வாடகை பொதுநிதியில் கலந்துவிடுகிறது. குழாய் உடைந்தால் கோப்பு கிளம்புகிறது. ஆகவே மன்ற உறுப்பினர்க்கும் பொறியாளர்க்கும் வணிகர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தைத் திட்ட மதிப்பீட்டின் முதல் தாளிலேயே, கட்டுமானச் செலவுக்குக் கீழே, ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் அது வரும் வழியையும் எழுதுங்கள். வாடகையிலும் கட்டணத்திலும் ஒரு குறித்த பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். அக்கணக்கின் வரவு செலவை மாதந்தோறும் சந்தை வாயிலில், விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில், எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள்.